என் பென்டிரைவில் இருந்தது

புது லேப்டாப் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு என் கடைக்குத்தான் வருவார்கள். "புதுசுதாங்க, ஆனா ஆமை மாதிரி நகருது" என்பார்கள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் இல்லை, அதைச் செய்து அனுப்பிய கம்பெனிக்காரன் மேல். முப்பது நாள் கழித்துக் காசு கேட்கும் ஆன்டிவைரஸ், யாரும் ஆடாத நாலு சீட்டாட்டம், வானிலை சொல்ல ஒன்று, கடைக்குக் கூப்பிட ஒன்று, "உங்கள் கணினி நலமா?" என்று நாளைக்கு மூன்று தடவை எட்டிப் பார்க்க ஒன்று. வீடு வாங்கிக் குடிபோனால், கூடத்தில் முன்பின் தெரியாத ஐந்து பேர் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கேட்டால், வீட்டோடு சேர்த்துக் கொடுத்ததுதான் என்பான். எவன் கேட்டான் உன்னிடம்?

இதை நான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். தெருவில் எனக்கு முசுடு என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். முசுடுதான் அவர்கள் மெஷினைச் சுத்தமாக்கிக் கொடுக்கிறது.

கடை இரண்டு அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. முன்னறையில் கண்ணாடி மேசை, அதன் மேல் ஒரு கணினி, அதற்குப் பின்னால் என் தம்பி. பில் போடுவது, போன் எடுப்பது, வெளியே போய்ப் பிரின்டர் பார்ப்பது எல்லாம் அவன். உள்ளறை என்னுடையது. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, திருகாணி போட்ட பிஸ்கட் டப்பாக்கள், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழைய கீபோர்டுகள். தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பதினொரு வயது. அதற்கப்புறம் அவனுக்குத் தாயும் நான்தான், தலைவலியும் நான்தான்.

என்னிடம் ஒரு கறுப்புப் பென்டிரைவ் உண்டு. அதில் கலப்படமில்லாத விண்டோஸ் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால், எல்லோருக்கும் தேவைப்படுகிறவற்றையும் அதிலேயே கலந்து வைத்திருந்தேன். தமிழ் எழுத்துகள், படம் பார்க்க ஒன்று, பிடிஎஃப் திறக்க ஒன்று, கூடவே எங்கள் கடையின் ரிமோட். யாருக்காவது பிரின்டர் ஓடவில்லை என்றால் நாங்கள் ஓட வேண்டாம். முன்மேசைக் கணினியில் அவர்கள் பெயரை அமுக்கினால் அவர்கள் திரை அப்படியே இங்கே தெரியும். இங்கிருந்தே மவுஸை நகர்த்தி, இங்கிருந்தே டைப் அடித்துச் சரிசெய்துவிடலாம். முதலில் அதற்குத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. ஆட்கள் அதை நோண்டி அணைத்துவிட்டு, பிறகு போன் போட்டு என்னையே திட்டினார்கள். கடுப்பாகி அந்தப் படத்தை மறைத்துவிட்டேன். எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு. நூற்று நாற்பது பாஸ்வேர்டை எவன் மண்டையில் ஏற்றிக்கொண்டு திரிவது? சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. நல்லதுக்குத்தானே என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி மதியம் மூன்று மணிக்குத் தம்பியின் மனைவி கடைக்கு வந்தாள். வழக்கமாக வந்தால் முன்மேசையில் உட்கார்ந்து அவனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் என்னிடம் வருவாள். அன்று எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்து, அவன் வண்டி தெரு முனை திரும்பியதும் குறுக்கே வந்தாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அவர் எப்ப வருவார் அண்ணி?"

"பேங்க்ல பிரின்டர் மக்கர் பண்ணுதாம். அஞ்சரை ஆகும். ஏண்டி, ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்ற?"

"உள்ள போயிடலாமா?"

உள்ளே வந்து, தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் மேசையில் வைத்தாள். அவர்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது அது. கல்யாண அவசரத்தில் முழுதாக வழிக்க நேரமில்லாமல், கண்ணில் பட்ட குப்பையை மட்டும் நீக்கிவிட்டு, எல்லோருக்கும் போடுவதை அதன் மேல் ஏற்றிக் கொடுத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். எந்தக் குழாயில் என்ன கலந்திருக்கிறது என்று நிறம் பார்த்தே பாதி சொல்லிவிடுவாள். கல்யாணம் ஆனதும் என் தம்பி "கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். அந்தக் கொஞ்ச நாள் நாலு வருஷம் ஆகிவிட்டது.

"வேலை கிடைச்சிருக்கு அண்ணி" என்றாள். குரலை இவ்வளவு தாழ்த்தி ஒருத்தி நல்ல செய்தி சொல்லி நான் கேட்டதில்லை. "பெரிய லேப். வேற ஊர். ரயில்ல ஆறு மணி நேரம். தங்க ரூமும் அவங்களே தராங்க. இருபதாம் தேதிக்குள்ள சம்மதம் எழுதி அனுப்பணும்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. அனுப்பிட்டு அப்புறம் சொல்றேன். முன்னாடியே சொன்னா நான் போகவே முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். என் தம்பி அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, சத்தம்கூடப் போட மாட்டான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நாள் பட்டினி கிடப்பான். எங்கே போனாய், யார் கூப்பிட்டார்கள், ஏன் பத்து நிமிஷம் தாமதம் என்று ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் சொல்லிச் சொல்லி அவள் பாதியாக இளைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், என் பிள்ளை மாதிரி வளர்ந்தவன் என்பதால்.

"அதுக்கு லேப்டாப் எதுக்குடி?"

"நான் டைப் பண்றதெல்லாம் அவருக்குத் தெரியுது அண்ணி" என்றாள். "என் ஃப்ரெண்டு முடிய வெட்டிக்கிட்டேன்னு மெயில் போட்டிருந்தா. அன்னிக்குச் சாயங்காலமே, 'உன் ஃப்ரெண்டு மொட்டைத் தலையா ஆயிட்டாளாமே'ன்னு சிரிக்கிறார். ரயில் டைம் பார்த்தேன். மறுநாளே, 'ஆறு மணி நேரம் ரயில்ல போறதெல்லாம் ஒரு பொழப்பா'ங்கிறார். நான் வாயையே திறக்கல."

"உன் போனைப் பார்த்திருப்பான்."

"போன்ல மெயிலே வச்சுக்கல. பயந்துபோய் நாலு நாளைக்கு முன்னாடி நானே ஃபேக்டரி ரீசெட் போட்டேன். எல்லாம் போயிடும்னு நினைச்சா, அந்தக் குப்பையெல்லாம் வரிசையா திரும்ப வந்து உட்காந்துக்கிச்சு. அதுல ஒண்ணு கேமராவைத் திறக்கட்டுமான்னு கேக்குது. அதான் பார்க்குதோ என்னவோ. நாலு நாளா அவர் ஒண்ணும் கேக்கலைதான். ஆனா கடுகடுன்னு இருக்கார்."

நாலு நாளாக ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. ஏன் ஏறும்? என் பிடித்தமான பாட்டைப் பாட எனக்கு ஆள் கிடைத்துவிட்டதே!

"ஃபேக்டரி ரீசெட்டுன்னா என்னன்னு நினைச்ச?" என்று ஆரம்பித்தேன். "டிஸ்க்ல ஒரு மூலையை ஒளிச்சு வச்சு, அதுல அவன் குப்பையோட ஒரு நகலை வச்சிருப்பான். நீ ரீசெட் போட்டா அதைத்தான் எடுத்துக் கொட்டுவான். ஃபேக்டரிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே, ஒரு குப்பை குறையாம. வேண்டாததெல்லாம் போகணும்னா அந்த மூலையோட சேர்த்து வழிச்சுப் போட்டுட்டு, புதுசா ஏத்தணும். தள்ளு, நான் பண்றேன்."

முதலில் அவளுடைய சான்றிதழ்களையும் ஒரு படக் கோப்புறையையும் தனியே எடுத்து வைத்தேன். பிறகு டிஸ்க்கைத் துண்டு துண்டாக அழித்தேன். ஒளித்து வைத்திருந்த துண்டும் போனது. திரையில் கடைசியில் ஒரே ஒரு வரி, காலி இடம் என்று. அந்த வரியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, எத்தனை வருஷமானாலும் குறையாது. அப்புறம் கை பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்தது, கறுப்புப் பென்டிரைவை எடுத்தது, சொருகியது. இருபத்தைந்து நிமிஷம். அவள் நகம் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணி?"

"தூசு தும்பு இல்ல. நல்லா தேடிப் பாரு. கண்டுபிடிச்சா எனக்குப் பேரை மாத்தி வை."

அவள் தேடிப் பார்த்தாள். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் மறைத்து வைத்தது அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு புதுப் பாஸ்வேர்டு ஒன்று போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த வீட்டுக்கு அவள் வந்து நாலு வருஷத்தில் நான் அவளுக்குச் செய்த முதல் நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு அவள் கிளம்பினாள், ஐந்தரைக்குத் தம்பி வந்தான்.

பதினேழாம் தேதி அவளிடமிருந்து ஒரே வார்த்தையில் செய்தி வந்தது. "அனுப்பிட்டேன்." எனக்கு நிம்மதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தம்பி யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவன் முதுகுக்குப் பின்னால் காரியம் செய்கிறோமே என்று அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்க?" என்று அவனே கேட்டான்.

"ஒண்ணுமில்லடா, தலைவலி."

"போய்ச் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படு. கடையை நான் பார்த்துக்கிறேன்."

எவ்வளவு பாசம் பார் என்று நினைத்தேன். மடச்சி!

இருபத்தாறாம் தேதி அவள் மறுபடி வந்தாள். இந்த முறை ஒளியவில்லை. தெருவைப் பார்க்காமல் நேராக உள்ளறைக்கு வந்து நின்றாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் மெஷின் இறக்கப் போயிருந்தான்.

"எந்தத் தேதி வந்து சேரணும்னு கேட்டு லேபுக்குப் போன் போட்டேன் அண்ணி" என்றாள். "நீங்கதான் வேண்டாம்னு எழுதிட்டீங்களேங்கிறாங்க."

"யாரு எழுதினது?"

"நானாம். பத்தொன்பதாம் தேதி. என் மெயில்லேர்ந்தே போயிருக்கு. என் மெயில்ல தேடிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அவங்க பதில் போட்டாங்களாம், அதுவும் இல்ல. அவங்ககிட்ட இருந்ததை எனக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன்." போனை நீட்டினாள். இரண்டு வரி. குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்தப் பணியை ஏற்க இயலவில்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும். கீழே அவள் பெயர்.

என் வாயில் அப்போது என்ன வந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "பாஸ்வேர்டை எங்கயாவது எழுதி வச்சுத் தொலைச்சியா?" என்று அவள் மேல் பாய்ந்தேன். இல்லை என்று தலையாட்டினாள். "பயந்துபோய் நீயே அனுப்பிட்டு இப்ப என்கிட்ட வந்து நடிக்கலையே?" என்றும் கேட்டேன். அவள் அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, சரி, கோவிச்சுக்காத" என்றேன். "நீ இப்ப வீட்டுக்குப் போ. லேப்டாப்பை ஆன் பண்ணி வை. நான் இங்கேயிருந்தே உள்ள போய்ப் பார்த்துச் சொல்றேன்."

அவள் நகரவில்லை.

"இங்கேயிருந்தேன்னா எப்படி அண்ணி?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. எழுந்து முன்னறைக்குப் போய்த் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். ரிமோட்டைத் திறந்ததும் நான் வைத்த பெயர்கள் வரிசையாக வந்தன. பல் டாக்டர். ஸ்கூல் ஆபீஸ். மாடி டைலர். அதற்குக் கீழே, தம்பி வீடு.

யார் எப்போது எவ்வளவு நேரம் உள்ளே போனார்கள் என்று அது தானாகக் குறித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. ஏழு மாதமாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், ஒன்றே காலிலிருந்து இரண்டுக்குள். நான் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயர்கிற நேரம். ஒவ்வொன்றும் பச்சை வரி. எட்டாம் தேதி வரிகள் சிவப்பாகின்றன, இணைக்க முடியவில்லை என்று. ஒன்பதாம் தேதி மட்டும் பதினொரு தடவை முயற்சி செய்திருக்கிறான். பத்து, சிவப்பு. பதினொன்று, சிவப்பு. பன்னிரண்டாம் தேதி மாலை நாலு ஐம்பதுக்கு, "தம்பி வீடு மீண்டும் சேர்க்கப்பட்டது." நான் அவளுக்கு மெஷினைச் சுத்தம் செய்து கொடுத்த நேரம் அது. ஐந்து முப்பத்தைந்துக்கு முதல் பச்சை. பேங்க்கிலிருந்து வந்து ஹெல்மெட்டைக்கூட ஒழுங்காகக் கழற்றியிருக்க மாட்டான். பத்தொன்பதாம் தேதி ஒன்று இருபத்திரண்டிலிருந்து ஒன்று ஐம்பத்தொன்று வரை.

"அன்னிக்கு ஒண்ணரைக்கு நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு திரையில் அந்தச் சிவப்பு வரிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக இறக்கினாள். "இந்த நாலு நாளு?"

"நீ ரீசெட் போட்டதுல இது போயிடுச்சு" என்றேன். "கம்பெனிக்காரன் குப்பை மட்டும்தான் திரும்பி வந்திருக்கு. அது உன்னை ஒண்ணும் பண்ணியிருக்காது."

"அப்ப நானே விரட்டிட்டேன்."

"ஆமா."

"நீங்கதான் திரும்பக் கூட்டிட்டு வந்து வச்சீங்க."

"ஆமாண்டி."

அவள் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் கூட்டி, கேட்காமல் கொண்டுவந்து போடுகிறான் பாவி என்று கம்பெனிக்காரனைத் திட்டினவள் நான். நூற்று நாற்பது பேர் வீட்டில் கேட்காமல் கொண்டுபோய் வைத்தவளும் நான். எனக்கு வேண்டியது என்பதால் அது குப்பை என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த நிமிஷம் என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

லேபுக்கு நானே போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். அந்தக் கடிதத்தை இவள் எழுதவில்லை, எங்கள் கடைக் கணினியிலிருந்து வேறு ஆள் எழுதியது, என்னிடம் நேரம் முதற்கொண்டு அத்தாட்சி இருக்கிறது, அனுப்புகிறேன், கடைப் பெயர் போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த இடத்தில் இருந்தவரைக் கூப்பிட்டாயிற்று, அவர் திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட்டார் என்றார்.

"ஒரு வழியும் இல்லீங்களா? கொஞ்சம் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. வந்து சேர்ந்தவங்களை நான் எப்படிப் போகச் சொல்றது?"

போனை வைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தம்பி வந்தது நாலு மணிக்கு. எங்கள் இரண்டு பேரையும் அவன் நாற்காலி பக்கத்தில் பார்த்தான். திரையையும் பார்த்தான். சாவியை மேசை மேல் வைத்தான். வியர்த்துப்போய், பள்ளிக்கூடத் தூசி சட்டையெல்லாம் ஒட்டி, களைத்துத் தெரிந்தான். அந்த நிலைமையிலும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கடித்துக்கொண்டேன்.

"ஏண்டா இப்படிப் பண்ணின?"

"என்ன பண்ணினேன்?" என்றான். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "வீட்டை விட்டுப் போறவளைக் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? நீயும் கூட்டு. உனக்கும் தெரியும், ஒரு வார்த்தை சொன்னியா என்கிட்ட?"

"வேலைக்குப் போறேன்னு சொன்னா. உன்னை விட்டுப் போறேன்னா சொன்னா? அவகிட்டக் கேட்டிருக்கலாமேடா!"

"கேட்டா உண்மையச் சொல்லியிருப்பாளா?"

"அடுத்தவ மெயிலைத் திருட்டுத்தனமா படிக்கிறது தப்புன்னு தெரியாதா உனக்கு?"

"தப்பா?" அவன் சிரித்தான், சந்தோஷமில்லாத சிரிப்பு. "என் ஸ்கூல் பையைத் தினமும் கொட்டிப் பார்த்தது யாரு? காலேஜ்ல எனக்கு வந்த லெட்டரைப் பிரிச்சுப் படிச்சிட்டு, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டது யாரு? நல்லதுக்குத்தான்னு சொன்ன. நானும் நல்லதுக்குத்தான் பண்ணினேன். அந்த ரிமோட்டை நானா கொண்டுவந்தேன்? நீ போட்டது. படத்தை மறைச்சதும் நீ. பாஸ்வேர்டு சொல்லிக் கொடுத்ததும் நீ."

அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசமா தினமும் என்னைப் பார்த்திருக்கீங்க" என்றாள் அவனிடம். "நான் அழுதுக்கிட்டே டைப் பண்ணின நாள்கூட இருக்கு. அன்னிக்குமா பார்த்தீங்க?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "உன் மூஞ்சி தெரியாது, எழுத்துதான் தெரியும்" என்று முணுமுணுத்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ ஒரு கணக்கு நேராகிவிட்டதுபோல. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்று அவள் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. முடி வெட்டிக்கொண்ட அந்தத் தோழியின் அறைக்குப் போனாள்.

அடுத்த மூன்று நாள் நான் ஒரு வேலையும் எடுக்கவில்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். உங்கள் மெஷினில் உங்களைக் கேட்காமல் ஒன்று போட்டிருந்தேன், வந்து எடுத்துத் தருகிறேன் என்றேன். பல் டாக்டர் சிரித்தார். "அட, அதனாலென்ன, உங்களை நம்பாம யாரை நம்புறது?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடி டைலர் அம்மா மட்டும், "எப்பவாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா, தெரியாது. தம்பி முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் சமைப்பதில்லை, சாப்பிடுவதும் இல்லை போலிருந்தது. பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்தக் கறுப்புப் பென்டிரைவைச் சுத்தியலால் ஒரே போடு போட்டு உடைத்தேன். உடைத்து என்ன ஆகப்போகிறது?

நாலாம் நாள் காலையில், தம்பி வருவதற்கு முன்னால் அவள் வந்தாள். வந்துவிட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு ஆறுதல். நாற்காலியைத் துடைத்து, இழுத்துப் போட்டேன். டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அவள் பையிலிருந்து லேப்டாப் வந்தது, கூடவே உறை பிரிக்காத ஒரு புதுப் பென்டிரைவ்.

"இதை மறுபடி முதல்லேர்ந்து சுத்தம் பண்ணணும்" என்றாள். "விண்டோஸ்காரங்க பக்கத்துலேர்ந்து இறக்கினா போதும்னு லைப்ரரில ஒருத்தர் சொன்னார். அதுல வேற ஒண்ணும் கலந்திருக்காதாமே? எப்படி ஏத்தறதுன்னுதான் தெரியல."

"குடு, அஞ்சு நிமிஷத்துல..." என்று கையை நீட்டினேன். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நான் பண்றேன்."

எதிரில் உட்கார்ந்து சொன்னேன். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன், அவை தானாகக் கிளம்பிவிடக் கூடாது என்று. பென்டிரைவை எப்படித் தயார் பண்ணுவது, எந்த விசையை அமுக்கிக்கொண்டு ஆன் பண்ணுவது, துண்டுகளை எப்படி ஒவ்வொன்றாக அழிப்பது. அவள் ஒவ்வொரு அடியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகுதான் செய்தாள். எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகிற வேலை அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை தப்பான இடத்தை அமுக்கப்போனாள். "அது இல்லடி" என்று எழுந்தேவிட்டேன். "உட்காருங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"வேற லேபுக்கு எழுதிப் போடேன். உனக்குக் கிடைக்காம போகாது" என்றேன்.

"பார்க்கணும்."

"ரூம்ல வசதியா இருக்கா? ஏதாவது வேணும்னா கேளு. நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு இருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போனது. அவன் எனக்குத் தம்பி, ஆனால் கடைசியில் அவளைத்தான் நான் அதிகம் இழந்தேன் என்று அப்போது தோன்றியது. "என்னை மன்னிச்சுடுடி" என்றேன். இரண்டு மணி நேரமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது அது.

"நீங்க கெட்டது நினைக்கல அண்ணி" என்றாள். "அது எனக்குத் தெரியும்."

ஏற்றி முடிந்தது. ஒரு குப்பையும் இல்லாத வெறும் திரை. நான் இதுவரை பார்த்ததிலேயே சுத்தமான மெஷின் அதுதான், என் கை படாதது. பெயர் கேட்டது, அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. விசைகளின் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெதுவாக, யோசித்து யோசித்து, நீளமாக ஏதோ அடித்தாள். ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தாள். பிறகு மூடிய சத்தம், பை இழுத்துப் பூட்டிய சத்தம், கண்ணாடிக் கதவு திறந்து மூடிய சத்தம். திரும்பலாம் என்று அவள் சொல்லவே இல்லை. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.